பாச்சை உருண்டையும் ஆறு அங்குல வீரர்களும்

கேள்வி: அண்ணே, எனக்கு 40 வயது நெருங்குகிறது. சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது ஆறு அங்குல ஆக்‌ஷன் ஃபிகர்கள் (கை கால் அசைகிற வீரர் பொம்மைகள்) சேர்க்க ஆரம்பித்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். வீட்டிலிருந்த பழைய தேக்குக் கண்ணாடி பீரோவில் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். ஒரு கோடை தாண்டியதும் சிலது பிசுபிசுக்கிறது, சிலது கால் வளைந்து சாய்கிறது. போதாக்குறைக்கு அப்பச்சி (என் அப்பா), "ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், பொம்மைய வச்சு விளையாடுறான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். என்ன செய்யலாம்?
- பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்: தம்பி, அப்பச்சியை அப்புறம் பார்ப்போம். முதலில் பீரோவைத் திறந்து மோந்து பாருங்கள். பாச்சை உருண்டை வாசம் அடிக்கிறதா? என்னிடம் செப்பனிட வருகிற பீரோக்களில் பாதி அந்த வாசத்தோடுதான் வருகின்றன. நாப்தலின் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். உருண்டைகளை எடுத்துப் போட்டுவிட்டு, தட்டுகளைத் துடைத்து, கொஞ்ச நாள் கதவைத் திறந்தே வையுங்கள்.

பிசுபிசுப்புக்குப் பெரும்பாலும் பி.வி.சி.தான் காரணம். அது வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய் மாதிரியான பொருள் நாளாக ஆக மேலே கசியும். சூடும், காற்று புகாத அடைப்பும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மிருதுவான பிரஷ்ஷால் தேய்த்து நிழலில் காயவிடுங்கள். துணி உடுப்பு, பேட்டரி உள்ளவற்றை முக்காதீர்கள். மறுபடி கசிந்தால் மறுபடி கழுவ வேண்டியதுதான்.

வளைந்த காலைச் சூடான தண்ணீரில் முக்குங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். இளகியதும் நேராக்கி, பிடித்த பிடியிலேயே ஐஸ் தண்ணீரில் வைத்தால் நிற்கும். அப்புறம் இடுப்பைத் தாங்கும் ஸ்டாண்டு ஒன்று வாங்குங்கள். சித்திரை மாதத்தில் ஒற்றைக் காலில் நிறுத்தி வைத்தால் எந்த வீரனும் சாய்வான்.

மாடி அறை வேண்டாம், மேலே ஓட்டு அனல். வளவைச் சுற்றி, அதாவது நடு முற்றத்தை ஒட்டி, வெயில் விழும் இடமும் வேண்டாம். வெள்ளை மஞ்சளாகும், சிவப்பு வெளிறும். கீழே உள்ளறைதான் சரி. வெளிச்சத்துக்கு எல்.இ.டி. போதும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடைக்காமல் கொஞ்சம் வெளியே, மிச்சம் உள்ளே என்று மாற்றி மாற்றி வையுங்கள். கூட்டமாக நின்றால் எதுவுமே கண்ணில் படாது.

இனி அப்பச்சி. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய் பொம்மையை 1964-ல் விற்க ஆரம்பித்தது. அன்று அதை வாங்கி விளையாடிய பையன்களுக்கு இன்று ஏறக்குறைய அவர் வயது. அவர்களில் இன்னமும் சேர்க்கிறவர்கள் உண்டு. அதுவும் எடுபடவில்லையென்றால், ரவிவர்மா அச்சுப்படத்தில் தேவியின் புடவைக்கு ஜிகினாவும் பாசியும் தைத்து முகப்பில் மாட்டியது எந்த ஊர்க்காரர்கள் என்று கேளுங்கள். கல்யாணத்தில் சாமான் பரப்பி ஊரையே பார்க்க வைக்கிறவர்கள் நாம். உங்கள் வீரர்கள் மட்டும் எதற்கு ஒளிந்து நிற்க வேண்டும்?

கேள்வி: என் வீட்டுக்காரர் வாங்குகிற ஃபிகர்களைப் பெட்டியைப் பிரிக்காமலே அடுக்குகிறார். பின்னால் விலை ஏறுமாம். நம்பலாமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: எனக்கு நம்பிக்கை இல்லை ஆச்சி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய எனாமல் சாமானுக்கு விலை நிற்கிறதென்றால், அதே சாமானை இனி யாரும் செய்யப்போவதில்லை என்பதால்தான். பொம்மைக் கம்பெனி அப்படியா? கிராக்கி இருந்தால் அதே அச்சில் மறுபடி போட்டு விற்கும், பழசின் விலை இறங்கும். மூடிய பெட்டிக்குள்ளும் பி.வி.சி. கசியத்தான் செய்யும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதென்றால் சுங்கம் வேறு: பொம்மைகளுக்கான அடிப்படை வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. இதையெல்லாம் தாண்டி லாபம் பார்ப்பது சிரமம்.

பிடித்ததைப் பிரித்து வெளியே வைக்கச் சொல்லுங்கள். விற்கிற எண்ணம் இருந்தால் அட்டைப்பெட்டியையும் பில்லையும் எடுத்து வைத்தால் போதும். ஆனால் பெட்டியைப் பரணில் போட்டால் கரையான் விடாது.