சொல்லிவிட்டு ஆடப் போங்கள்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 38 வயது. பட்டர்வொர்த்தில் அம்மாவுடன் இருக்கிறேன். ஜார்ஜ்டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. கல்யாணம் ஆகவில்லை. சின்ன வயதில் ஆறு வருடம் பரதம் படித்தேன். மூன்று வருடமாக வாரம் ஒருமுறை தீவில் சல்சா வகுப்புக்குப் போகிறேன். உடற்பயிற்சி வகுப்பு என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். கொலம்பியாவில் காலி என்ற நகரத்தில் வருடக் கடைசியில் நடக்கும் சல்சா விழாவுக்கு வகுப்புத் தோழிகள் மூன்று பேர் கிளம்புகிறார்கள். எனக்கும் ஆசை. அண்ணனிடம் மட்டும் சொன்னேன். "கண்டவனோடு கைகோத்து ஆட ஏழு கடல் தாண்டிப் போகணுமா?" என்றார். சேமிப்பில் 22,000 வெள்ளி இருக்கிறது. அம்மாவிடம் கோலாலம்பூரில் இரண்டு வாரம் அலுவலகப் பயிற்சி என்று சொல்லிவிடலாமா? அம்மாவுக்கு 67 வயது. நிபோங் தெபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். இதெல்லாம் புரியாது. நான் போகலாமா, வேண்டாமா?

– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புத் தங்கைக்கு,

போங்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கோலாலம்பூர் பயிற்சிக் கதை மட்டும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி அண்ணன் சொன்னதல்ல. அம்மாவைப் பற்றி "இதெல்லாம் புரியாது" என்று நீங்கள் எழுதியதுதான். அந்த வரியை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு அப்போது முப்பது வயது. மார்கழிக் கச்சேரிகளைக் கேட்கச் சென்னைக்குப் போக வேண்டும் என்று வருடக்கணக்கில் ஆசை. கல்யாணமாகாத பெண் பாட்டுக் கேட்கத் தனியாகக் கடல் தாண்டுகிறாள் என்றால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயந்து, ஈப்போவில் அலுவலகப் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் மயிலாப்பூர் விடுதி அறையில் கடும் காய்ச்சல். வீட்டுக்குச் சொல்ல முடியாது. சொன்னால் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்ல வேண்டும். இதற்கிடையில் ஏதோ காரியமாக அம்மா என் அலுவலகத்துக்கு அழைத்திருக்கிறார். அங்கே அப்படி ஒரு பயிற்சியே இல்லை என்றார்கள். நான் திரும்பி வரும்வரை நான்கு நாள், மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் அவர் இருந்திருக்கிறார். வந்து நின்றபோது அம்மா திட்டவில்லை. "கேட்டிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அந்த வருடம் கேட்ட கச்சேரிகளில் ஒன்றுகூட இன்று என் நினைவில் இல்லை. அந்தக் கேள்வி இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் பொய் நிற்கவும் நிற்காது. கொலம்பியா மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடு. அங்கிருந்து மலேசியா திரும்புகிறவர்கள் தடுப்பூசிச் சான்றைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். குறைந்தது 10 நாளுக்கு முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். எல்லாக் கிளினிக்கிலும் போட மாட்டார்கள், சுகாதார அமைச்சு அங்கீகரித்த மையங்களில்தான் கிடைக்கும். முட்டை ஒவ்வாமையோ நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தோ இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கோலாலம்பூர் பயிற்சிக்குப் போகிறவளிடம் மஞ்சள் நிறத்தில் ஒரு தடுப்பூசிப் புத்தகம் எதற்கு? அம்மாவின் கண்ணில் ஒரு நாள் படத்தான் போகிறது.

இனி அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று பார்ப்போம். முதலில் அந்த விழா என்னவென்று உங்களுக்கே சரியாகத் தெரிய வேண்டும். ஹோட்டல் மண்டபத்தில் பகலில் பயிற்சி, இரவில் ஆட்டம் என்று மூன்று நாள் நடக்கும் சல்சா மாநாடு வேறு. காலி நகரத்தில் நடப்பது ஊர்த் திருவிழா. டிசம்பர் 25 முதல் 30 வரை ஊர் முழுக்கத் தெருவில் இருக்கும். முதல் நாள் சல்சோத்ரோமோ என்கிற அணிவகுப்பு. 2008இல் தொடங்கியது. நகரத்தின் நடனப் பள்ளிகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் ஆடிக்கொண்டே பெருஞ்சாலையில் வருவார்கள். பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் தங்கள் தட்டுகளோடு ஒரு திடலில் கூடி, ஒருவர் மாற்றி ஒருவர் போட்டுக் கேட்கும் கூட்டமும் இந்த விழாவில் உண்டு. நான் போவதாக இருந்தால் இதற்காகத்தான் போவேன்.

ஏன் அந்த ஊரில்? 1956 ஆகஸ்ட் 7, விடியும் முன், ரயில் நிலையத்தின் பக்கம் நிறுத்தியிருந்த ராணுவ லாரிகளில் இருந்த டைனமைட் வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், தெருத் தெருவாக வீடுகள் போயின. ஊர் மீண்டும் தலை நிமிர வேண்டும் என்று அடுத்த வருடக் கடைசியில், 1957இல், தொடங்கியதுதான் இந்த விழா. சல்சா அங்கே பிறக்கவில்லை. கியூபாவின் தாளங்களைப் புவேர்த்தோ ரிக்கோக்காரர்களும் கியூபாக்காரர்களும் நியூயார்க்கில் வளர்த்தார்கள். 1964இல் இசைக்கலைஞர் ஜானி பசேக்கோவும் வழக்கறிஞர் ஜெர்ரி மசூச்சியும் ஆரம்பித்த ஃபானியா இசைத்தட்டு நிறுவனம் அதைத் தட்டுகளில் உலகமெல்லாம் அனுப்பியது. காலிக்கு அந்த வகைத் தட்டுகளைக் கொண்டுவந்தவர்கள் புவெனவெந்துரா துறைமுகத்தில் இறங்கிய மாலுமிகள். ஊர்க்காரர்களுக்கு வேகம் போதவில்லை, நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 45இல் ஓட விட்டு ஆடினார்கள். காலி நகரத்து ஆட்டத்தில் கால் அவ்வளவு வேகமாகப் போவது அந்தப் பழக்கத்தால்தான் என்று அங்கே சொல்வார்கள்.

சரி, இதில் அம்மாவுக்குப் புரியாதது என்ன இருக்கிறது? காலியைச் சுற்றி இன்றும் கரும்பு வயல்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்த மண்ணில் உழைத்தார்கள். கியூபாவில் அவர்களைப் போலவே கரும்பு வெட்டியவர்களிடமிருந்து வந்த மேளம்தான் சல்சாவின் அடியில் இருக்கிறது. நிபோங் தெபால் பக்கமும் ரப்பர் வருவதற்கு முன் கரும்புதான். 19ஆம் நூற்றாண்டில் அந்தத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! அவர்களும் மேளத்தை விட்டுவிட்டு வரவில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உருமியும் தப்பும் கேட்டு வளர்ந்தவர் உங்கள் அம்மா. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் காவடிக்கு முன்னால் உருமி அடிக்கும்போது அவர் கால் சும்மா இருக்கிறதா என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே வீடியோவில் தொடங்காதீர்கள், பாட்டில் தொடங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது கியூபப் பாடகி சீலியா குரூஸ் பாட்டு ஒன்றைப் போடுங்கள். கொங்கா மேளம் எங்கே வருகிறது என்று அம்மாவையே கேளுங்கள். அப்புறம் நீங்கள் பரதத்தில் படித்த ஆதி தாளத்தைத் தொடையில் போட்டுக் காட்டுங்கள். அதுவும் எட்டு, சல்சாவும் எட்டு. 1, 2, 3இல் கால் வைத்து 4இல் நிற்கிறோம். 5, 6, 7இல் வைத்து 8இல் நிற்கிறோம். எழுந்து நின்று ஆடிக் காட்டுங்கள், தனியாகவே. மூன்று வருடமாக நான் கற்றுக்கொள்வது இதுதான் அம்மா, உடற்பயிற்சி என்று சொன்னது தப்பு என்று அப்போது சொல்லுங்கள். பயணத்தை அன்றைக்கே சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் போகட்டும்.

நீங்களும் கிளம்பும்வரை தினம் இருபது நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள், ஆடாமல். கிளாவே என்று இரண்டு மரக்குச்சிகளில் தட்டும் ஐந்து அடிகள்; மூன்றும் இரண்டுமாகவோ இரண்டும் மூன்றுமாகவோ வரும். யாரும் தட்டாதபோதும் பாட்டு முழுவதும் அதன்மேல்தான் நிற்கும். எண்ணிக்கொண்டே ஆடுகிற பழக்கம் வகுப்பில் சரி, அந்தத் தெருவில் உதவாது. ஹைரோ வரேலா நடத்திய குருப்போ நிச்சே குழுவைக் கேளுங்கள். காலியில் அவர் பெயரில் ஒரு சதுக்கமே இருக்கிறது.

அண்ணனுக்கு வருவோம். அவர் பயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள், அவர் ஆடிப் பார்த்ததில்லை. ஒரு பாட்டுக்கு ஒருவர் கேட்பார், ஆடுவீர்கள், பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லிப் பிரிவீர்கள். அவ்வளவுதான் அந்த உறவு. பெண்ணும் போய்க் கேட்கலாம். வேண்டாம் என்றால் "நோ, கிராசியாஸ்" போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. யாராவது அளவுக்கு மீறி நெருங்கினால் கையை அவர் தோளில் ஊன்றித் தள்ளி நிறுத்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பாட்டின் நடுவிலேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. இன்னொன்றும் அண்ணனிடம் சொல்லுங்கள்: காலியில் வியேஹோதேக்கா என்று வயதானவர்களுக்காகவே தோன்றிய ஆட்டக் கூடங்கள் உண்டு. தாத்தா பாட்டிகள் நன்றாக உடுத்திக்கொண்டு மத்தியானத்திலேயே ஆட வந்துவிடுவார்கள். உங்கள் அம்மா வயதுக்காரர்கள்.

பணத்தில் நான் கறாராகவே சொல்வேன். ஊழியர் சேமநிதியில் கை வைக்காதீர்கள். மூன்றாவது கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஆனதிலிருந்து பலர் பயணத்துக்கு எடுக்கிறார்கள். தனியாக வாழும் பெண்ணுக்கு அறுபதில் அது வேண்டும். கடனட்டையும் வேண்டாம். போய் வந்த பிறகு நான்கு மாத வீட்டுச் செலவும் அம்மாவின் மருந்துச் செலவும் அந்த 22,000இல் மிஞ்ச வேண்டும். கணக்கு எழுதுவது உங்கள் தொழில், உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். மிஞ்சாது என்றால் இந்த வருடம் தோழிகள் போகட்டும், அடுத்த டிசம்பரிலும் விழா நடக்கும்.

டிக்கெட் எடுக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. மலிவாகத் தெரியும் சில வழிகள் அமெரிக்கா வழியாகப் போகும். அங்கே விமானம் மாறுவதற்குக்கூட நமக்கு விசா வேண்டும். இஸ்தான்புல் வழியாகப் போனால் அந்தத் தொல்லை இல்லை. அங்கிருந்து பொகோட்டாவுக்கு நேரடி விமானம் உண்டு, பிறகு உள்நாட்டு விமானத்தில் காலிக்குப் போகலாம். கொலம்பியாவுக்கு மலேசியக் கடப்பிதழில் சுற்றுலாவாகப் போனால் விசா இல்லாமல் 90 நாள் இருக்கலாம். செக்-மிக் என்ற குடிநுழைவுப் படிவத்தை மட்டும் கிளம்பும் முன் இணையத்தில் நிரப்புங்கள், இலவசம். கடப்பிதழ் ஆறு மாதத்துக்குள் முடிவதாக இருந்தால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். பொகோட்டாவில் இரவு தங்கினால் குளிராடை வேண்டும், அந்த ஊர் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலி நம் ஊர் போலத்தான்.

"நோ தார் பப்பாயா" என்று கொலம்பியாவில் ஒரு வழக்கு உண்டு. பப்பாளியைக் கொடுக்காதே, அதாவது திருடனுக்கு நீயே வாய்ப்பு ஏற்படுத்தாதே. தெருவில் கைபேசியை நீட்டிப் படம் எடுப்பது பப்பாளி. கழுத்தில் சங்கிலி பப்பாளி, அதை அம்மாவிடமே கொடுத்துவிட்டுப் போங்கள். அறிமுகமில்லாதவர் கொடுக்கும் பானத்தைத் தொடாதீர்கள், உங்கள் கோப்பையையும் மேசையில் விட்டுப் போகாதீர்கள். நினைவு தப்பவைக்கும் மருந்தைக் கலந்து கொள்ளையடிப்பது அங்கே நடக்கிறது. இரவில் தெருவில் போகும் டாக்சியைக் கை காட்டி நிறுத்தாமல், செயலி வழியாக வாசலுக்கே வரவழையுங்கள். நால்வரும் சேர்ந்து போய்ச் சேர்ந்தே திரும்புவது என்று இங்கேயே பேசி முடிவு செய்யுங்கள். அங்கே போய் ராத்திரி இரண்டு மணிக்குப் பேசுகிற பேச்சல்ல அது.

உங்கள் கால் வாரம் ஒரு மணி நேரம் ஆடிப் பழகியது. விழாவில் தொடர்ந்து ஆறு இரவுகள். இன்றிலிருந்தே தினம் நடங்கள், கெண்டைக்கால் தசைக்குப் பயிற்சி கொடுங்கள். மெல்லிய தோல் அடி வைத்த ஆட்டச் செருப்பு மண்டபத்துக்கு மட்டும். தெருவில் ஆடப் பழகிய கான்வாஸ் காலணி போதும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. காலி நகரத்து நேரம் நமக்கு 13 மணி நேரம் பின்னால். அங்கே 25ஆம் தேதி சாயங்காலம் நான்கு மணி என்றால் பட்டர்வொர்த்தில் 26ஆம் தேதி விடியற்காலை ஐந்து மணி. மார்கழி மாதம். அம்மா எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரம். அண்ணனை முதல் நாள் இரவே அம்மாவிடம் வந்து தங்கச் சொல்லுங்கள். அணிவகுப்பைப் பார்க்க இருக்கை வாங்கி உட்கார்ந்துகொண்டு, தோழியைப் பக்கத்தில் காவல் வைத்துவிட்டு அழையுங்கள். மேளம் நன்றாகக் கேட்கும் பக்கமாகக் கைபேசியைத் திருப்பிப் பிடியுங்கள்.