கொடுத்ததால் கெட்டார்களா?

கேள்வி: சென்ற இதழில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்) கிராம மையத்தைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். நூறு வருடமாக நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தொண்டு நிறுவனங்கள் கொடுத்துக்கொண்டேதான் இருக்கின்றன. ஏழைகள் இல்லாமல் போய்விட்டார்களா? கொடுத்துக் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கியதுதான் மிச்சம் என்கிறேன். உங்கள் பதில்?

– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: நீங்கள் குறை சொல்லும் காரியத்தை மார்த்தாண்டம் மையம் செய்யவே இல்லை. அங்கே இலவசமாகக் கிடைத்தது பெரும்பாலும் ஆலோசனைதான்.

அந்த மையம் 1920களில் உருவானது. ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச்செயலாளராக இருந்த சேலத்துக்காரர் கே.டி. பால், சங்கத்தின் வேலை பட்டணத்து இளைஞர்களோடு நின்றுவிடக்கூடாது, கிராமத்துக்குப் போக வேண்டும் என்று உறுதியாக நின்றவர். அந்த வழியில் இங்கே வந்து வேலை செய்தவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். மக்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும், விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கொள்கை.

அப்போது மார்த்தாண்டத்தைச் சுற்றி இருந்த ஏழைகள் யார்? பனையேறிகள், கூலிக்குப் போகிறவர்கள், துண்டு நிலத்தில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) போட்டுப் பிழைத்தவர்கள். பனையேறி விடியும் முன்பே மரம் ஏறுகிறவர். சாயங்காலம் அதே மரங்களில் மறுபடியும் ஏற வேண்டும். இறக்கிய அக்கானியை (பதநீரை) அவர் மனைவி அடுப்பில் ஏற்றி, கருப்பட்டிப் பதம் வரும்வரை தீயின் முன்னால் இருக்க வேண்டும். இந்தக் குடும்பம் சோம்பலால் ஏழையானது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சரக்குக்கு விலை வைத்தவர் வேறொருவர். முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டவரும் பல நேரம் அவரேதான்.

மையம் கை வைத்தது அந்த இடத்தில். நாட்டுக் கோழியோடு லெக்ஹார்ன் என்ற வெளிநாட்டு இனச் சேவலைச் சேர்த்து, அதிகம் முட்டையிடும் கோழிகளை உண்டாக்கியதோடு நிற்காமல், முட்டை விற்கவும் ஒரு கூட்டுறவு அமைப்பை ஏற்படுத்தினார்கள். வாசலில் வந்து நிற்கும் வியாபாரியிடம் ஒற்றை முட்டையை நீட்டும்போது அவர் சொன்னதுதான் விலை. பல வீட்டு முட்டைகள் தரம் பிரித்து ஒன்றாகப் போனால் பேச்சே வேறு.

தேனீ விஷயம் இன்னும் முக்கியமானது. அதுவரை தேன் எடுப்பதென்றால் மரப்பொந்திலோ பாறை இடுக்கிலோ இருக்கும் கூட்டைக் கலைத்து, அடையைப் புழுவோடு சேர்த்துப் பிழிவதுதான். கூடு போய்விடும், தேனும் சீக்கிரம் புளித்துவிடும். நம் ஊர்த் தேனீக்கு ஏற்ற சிறிய மரப்பெட்டியை மார்த்தாண்டத்தில் பழக்கப்படுத்தினார்கள். பெட்டிக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் தேனீ கட்டிய அடையை எந்திரத்தில் சுழற்றித் தேனை எடுத்துவிட்டு அடையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். கூட்டம் பிழைத்திருக்கும், அடுத்த அறுவடையும் வரும். அப்புறம் 1937இல் தேனீ வளர்ப்போர் தங்களுக்கென்றே மார்த்தாண்டத்தில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். தொண்டாகத் தொடங்கியது உறுப்பினர்களின் சொந்த ஸ்தாபனம் ஆனது.

நிலமில்லாதவருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் எனக்குத் தெரிந்து குறைவு. பெட்டி வைக்க ஒரு முழ இடம் போதும். ரப்பர் இலை தளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரை, தளிரின் காம்பில் ஊறும் இனிப்பைத் தேனீ எடுத்துவருகிறது. தோட்டம் யார் பேரில் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. சொந்தமாக ஒரு ரப்பர் மரம் இல்லாதவரும் அந்த மூன்று மாதத்தில் தேன் எடுக்கிறார். 1990களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் பெரும்பாலான பெட்டிகள் காலியாகிப் போனபோதும், மிஞ்சிய கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கியவர்கள் இந்த மக்கள்தான். கையேந்துகிறவர்களா இவர்கள்?

இன்னும் நூறு வருடம் பின்னால் போனாலும் இதே கதைதான். நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் அந்த வருமானத்தைக் கொண்டு தங்கள் விடுதலையை வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் பிரகடனம் 1855இல்தான் வந்தது. அரசாங்கம் விடுவிக்கும் முன்பே ஊசியும் நூலும் சிலரை விடுவித்துவிட்டன. கடற்கரையில் மீனவர் சங்கங்கள் பிடித்ததும் இதே பாதைதான்: கரையில் மீனைத் தாங்களே ஏலம் விடுவது, விற்ற பணத்தில் ஒரு பங்கைக் கடனுக்கும் சேமிப்புக்கும் பிடிப்பது.

சரி, ஏழைகள் ஏன் இன்னும் இருக்கிறார்கள்? நில உரிமை, கூலி, சாதி, படிப்பு இவற்றையெல்லாம் ஒரு கோழிப் பண்ணையோ தேன்பெட்டியோ மாற்றிவிடாது. அது சட்டமும் போராட்டமும் செய்ய வேண்டிய வேலை. தொண்டு அமைப்பை அதன் வேலைக்கு மட்டும் கணக்குக் கேளுங்கள்.

அப்படிக் கேட்டால் உங்களோடு நான் ஒத்துப்போகும் இடமும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக்கு வந்த உதவியில் மனதார வந்தது ஏராளம். ஆனால் யாருக்கு என்ன வேண்டும் என்று விசாரிக்காமல் இறக்கிவிட்டுப் போனதும் உண்டு. இன்றும் ஐந்து கிலோ அரிசியைக் கொடுத்துவிட்டு, வாங்குகிறவரின் முகத்தைக் கேமராவுக்குத் திருப்பிக் காட்டுகிறார்கள். இதை நான் வெறுக்கிறேன். பசித்தவருக்கு அரிசி வேண்டும்தான், படம் வேண்டாம். சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு, கணக்குப் புத்தகத்தை உறுப்பினர் கண்ணில் காட்டாத அமைப்புக்கும் நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம்.

உங்களுக்கு உதவ மனம் இருந்தால், குலசேகரம் பக்கத்திலேயே ரப்பர் தோட்டங்கள் இருக்கின்றன. நிலமில்லாத ஒரு குடும்பத்துக்குத் தேனீயோடு பெட்டி வாங்கிக் கொடுங்கள். ஆனால் பெட்டியோடு நிறுத்திவிடாதீர்கள். மழைக்காலத்தில் பூ இல்லாத நாட்களில் சீனிப்பாகு வைக்காவிட்டால் கூட்டம் பெட்டியை விட்டுப் போய்விடும். புதிதாக வளர்ப்பவருக்கு அது தெரியாது. அனுபவமுள்ள ஒருவர் முதல் வருடம் முழுக்க வந்து பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவருடைய கூலியையும் பஸ் காசையும் சேர்த்துக் கொடுங்கள்.