தொழிற்கல்விப் பிரிவில் சேர்த்தால் மகனின் படிப்பு பிளஸ் டூவோடு நின்றுவிடுமா?

கேள்வி: என் மகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்து, பத்தாம் வகுப்பில் 500க்கு 268 மதிப்பெண் பெற்றிருக்கிறான், கணிதத்தில் 54. அதே பள்ளியில் பிளஸ் ஒன் கேட்டபோது, அறிவியல் பிரிவில் இடமில்லை, தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படை மின் பொறியியல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதில் சேர்த்தால் கல்லூரிப் பக்கமே போக முடியாது என்று என் கணவரின் அண்ணன் சொல்கிறார். இதற்கிடையே ஒருவர் வீட்டுக்கே வந்து, வெளியூர் பாலிடெக்னிக் ஒன்றில் இலவசமாகச் சேர்த்துவிடுவதாகச் சொல்லி 5,000 ரூபாயும் அசல் சான்றிதழ்களும் கேட்கிறார். என்ன செய்வது? — ஒரு தாய், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பதில்: அம்மா, எல்லாவற்றுக்கும் முன்னால், மகனின் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றிதழையும் அந்த மனிதரிடம் கொடுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது; அசல் சான்றிதழ் கைமாறிவிட்டால் அந்த நேரம் போய்விடும்.

உங்கள் கணவரின் அண்ணன் சொல்வது பலரும் நம்புகிற தவறான செய்தி. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே பொதுக்கல்விப் பிரிவோடு தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்தே வந்தது. அதில் படித்துத் தேறியவர்களுக்கு தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் தனித் தரவரிசைப் பட்டியலே உண்டு. பாலிடெக்னிக் கல்லூரிகளில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கே டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கலை, அறிவியல் கல்லூரிகளிலும் பல பட்டப்படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் கிடைக்கும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் தொழிற்கல்வி மாணவருக்குப் பொருந்தும்.

ஆனால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: அந்தப் பிரிவில் மின் பொறியியல் பாடத்தோடு கணிதமும் ஒரு பாடமாக இருக்க வேண்டும். பொறியியல் தரவரிசைக்குத் தொழிற்பாட மதிப்பெண்ணோடு, கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுள் ஒன்றின் மதிப்பெண்ணும் தேவை. 54 மதிப்பெண் எடுத்த பையன் கணிதத்தைக் கண்டு பயப்படுகிறான் என்றால், பயத்தை மட்டும் பார்த்துக் கணிதம் இல்லாத பிரிவுக்கு மாற்றிவிடாதீர்கள். அப்படி மாற்றிவிட்டுப் பிளஸ் டூ முடிந்தபின் என்னிடம் வந்து நிற்கும் பெற்றோரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அப்போது நான் சொல்வதற்கு எதுவும் இருப்பதில்லை.

மேல்நிலைப் பள்ளியில் 26 ஆண்டுகள் தொழிற்கல்வி ஆசிரியராக இருந்தேன். எங்கள் செய்முறைக் கூடத்தில் ஒரு மரப்பலகை இருந்தது. மாடிப்படி விளக்குக்கான மின்னிணைப்பை அதில்தான் செய்து பழகுவார்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், நடுவில் ஒரு விளக்கு. கீழே போட்டால் எரிய வேண்டும், மேலே ஏறிப்போய் அணைத்தால் அணைய வேண்டும். பத்தாம் வகுப்பில் மின்சுற்றுப் படத்தை நோட்டில் பார்த்து அப்படியே வரைந்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் இந்தப் பலகையின் முன் திணறுவார்கள். அந்தப் படத்தைச் சரியாக வரையத் தெரியாமல் மதிப்பெண்ணை இழந்த ஒரு பையன், இரண்டு சுவிட்சுகளுக்கும் நடுவே ஓட வேண்டிய இரண்டு கம்பிகளையும் தானே கண்டுபிடித்து முறுக்கி இணைத்து, விளக்கு எரிந்ததும் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் படிப்பு வராது என்று அதுவரை எல்லாரும் சொல்லியிருந்தார்கள். இந்தப் பிரிவு யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், அந்தப் பையனைத்தான் நினைத்துக்கொள்வேன். உங்கள் மகன் வீட்டில் பழுதான மிக்ஸியைப் பிரித்துப் பார்க்கிறவனா என்பதை, மதிப்பெண் பட்டியலைவிட நீங்களே நன்றாகச் சொல்ல முடியும்.

இந்தச் சான்றிதழ் எதைச் செய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிளஸ் டூ தொழிற்கல்வித் தேர்ச்சி, ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) சான்றிதழுக்குச் சமம் அன்று. மின்வாரியத்தின் கள உதவியாளர் பணிக்கும், ரயில்வேயின் உதவி லோகோ பைலட் பணிக்கும் வரும் அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள். ஐடிஐ கேட்பார்கள், இதைத் தனித் தகுதியாக ஏற்பதில்லை. இரண்டு ஆண்டுகள் மின்சாரத்தைப் படித்த பிள்ளைக்கு இந்த வாசல் ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டால், பள்ளிக் கல்வி ஒரு துறை, தொழிற்பயிற்சி வேறொரு துறை என்பதுதான் பதில். இரண்டு துறைகளும் ஒருமுறை உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம் இது. ஐம்பது ஆண்டுகளை நெருங்கியும் தீரவில்லை.

ஆனால் இதே பிரிவு மாணவர்களுக்கென்று ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்ல ஆளில்லாததால் நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் 1986இல் திருத்தப்பட்டபோது, பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்தவர்களும் அதற்குள் தனி வகையாகச் சேர்க்கப்பட்டார்கள். அதன்படி அவர்கள் ஒரு நிறுவனத்தில் ஓராண்டு அப்ரண்டிஸாகப் பயிற்சி பெறலாம். மாதந்தோறும் உதவித்தொகை உண்டு, அதில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கு இதைக் கவனிக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. கவனியுங்கள்: இது ஐடிஐ முடித்தவர்கள் சேரும் அப்ரண்டிஸ் பயிற்சி அன்று; டிப்ளமோ முடித்தவர்களுக்கானதும் அன்று. ஒரு நிறுவனத்தின் வாசலில் போய் 'அப்ரண்டிஸ் இருக்கிறதா' என்று பொதுவாகக் கேட்டால், ஐடிஐ இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டு அனுப்பிவிடுவார்கள். 'பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவு அப்ரண்டிஸ்' என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். வாரியத்தின் இணையதளத்தில் பதியும்போதும் அந்த வகையில்தான் பதிய வேண்டும். என்னிடம் படித்த மாணவர்களில் இதை அறியாமல் கடைக்கு வேலைக்குப் போனவர்களே அதிகம். அவர்களுக்குச் சொல்லத் தவறிய முதல் சில ஆண்டுகள் எனக்கே இது தெரியாது என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

இனி வீட்டுக்கு வந்த மனிதர். தேர்வு முடிவு வருகிற வாரத்தில் பள்ளிக்கு எதிரே உள்ள டீக்கடையில் கையில் ஒரு நோட்டோடு நிற்பவர்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், பெற்றோரின் செல்பேசி எண், சாதிச் சான்றிதழ் விவரம் எல்லாம் அதில் இருக்கும். சேர்த்துவிடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவருக்குக் கமிஷன். அவர் 'இலவசம்' என்று சொல்வது பெரும்பாலும் அரசு தரும் கல்வி உதவித்தொகையை நம்பித்தான். அந்தத் தொகை வருவதற்குத் தாமதமானால், கட்டணத்தைக் கட்டு என்று கல்லூரி கேட்கும்போது அவர் போனை எடுக்க மாட்டார். விலகிப் போகலாம் என்றால் அசல் சான்றிதழ் உள்ளே இருக்கும். மாணவரின் அசல் சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒழுங்குமுறை அமைப்புகளின் விதி தெளிவாக இருக்கிறது. விதி இருந்தும், சான்றிதழை மீட்கப் பேருந்து ஏறி அலைகிற தந்தையர் இருக்கிறார்கள்; புகார் கொடுத்தால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது.

பாலிடெக்னிக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு மூன்றாண்டு டிப்ளமோவில் சேர்ந்தால், பிளஸ் டூ வழியாக வருவதைவிட ஓராண்டு முன்னதாகவே டிப்ளமோ கையில் வரும். ஆனால் அதற்கு அரசு பாலிடெக்னிக்கில் நீங்களே விண்ணப்பிக்கலாம். நடுவில் ஓர் ஆள் தேவையில்லை, 5,000 ரூபாயும் தேவையில்லை.

பள்ளிக்குப் போகும்போது தலைமை ஆசிரியரிடம் இரண்டைக் கேளுங்கள். கணிதம் பாடமாக இருக்கிறதா? மின் பொறியியலுக்கு ஆசிரியர் பணியில் இருக்கிறாரா? இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். தொழிற்கல்வி ஆசிரியர்கள் ஓய்வு பெற்ற இடங்கள் பல பள்ளிகளில் நிரப்பப்படாமலேயே கிடக்கின்றன. பிரிவு பெயருக்கு இருக்கும், செய்முறைக் கூடம் பூட்டியிருக்கும். மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை ஒதுக்கி வைக்கும் இடமாக இந்தப் பிரிவை நடத்திவிட்டு, அதன் பிறகு மாணவர் சேருவதில்லை என்று அதே காரணத்தைக் காட்டிப் பிரிவை மூடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. முடிந்தால் அந்தக் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லி மகனோடு நீங்களும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டு கேள்விகளுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால், தயங்காமல் சேருங்கள். ஆசிரியர் இல்லை என்றால், அருகிலுள்ள அரசு ஐடிஐயில் இரண்டாண்டு எலக்ட்ரீசியன் பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாத உதவித்தொகையும் உண்டு. அங்கே தேறியபின் பிளஸ் டூ தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை எழுதித் தேர்ச்சி பெற்றால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் தர அரசாணை இருக்கிறது. டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டுக்கும் அங்கிருந்து போகலாம்.

ஒருவேளை இந்தப் பதில் வருவதற்குள் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால், அந்த மனிதரோடு பேசிக்கொண்டிருக்காமல், சேர்க்கை வேண்டாம், அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தாருங்கள் என்று கல்லூரி முதல்வருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அந்தக் கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். மனுவைப் பெற்றதற்கான ரசீதை வாங்காமல் அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள்.