சமுதாய வானொலி: டவர் இருக்கட்டும், முதலில் கேள்வியைக் கேளுங்கள்

சின்ன ஊரில் லாப நோக்கமில்லாத எஃப்.எம். நிலையம் தொடங்க நினைப்பவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரு சமுதாய வானொலியில் டிரான்ஸ்மிட்டர் அறையும் லைசென்ஸ் ஃபைலும் பல வருடம் என் தலையில் இருந்தன. தெரிந்ததைச் சொல்கிறேன். பணம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள், நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து எஃப்.எம். ஆரம்பிக்கலாமா சார்? (திருவாரூர்)

நாலு நண்பர்களாக முடியாது தம்பி. தனி ஆளுக்கு அனுமதி கிடையாது, கட்சிக்கும் கட்சி சார்ந்த சங்கங்களுக்கும் கிடையாது, லாபத்துக்கு நடக்கும் கம்பெனிக்கும் கிடையாது. 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்குத்தான் முதலில் கதவு திறந்தார்கள், அதில் 2004 பிப்ரவரியில் முதலில் ஒலித்தது சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொண்டு நிறுவனங்களுக்கு வழி கிடைத்தது 2006-இல். பதிவு பெற்ற ட்ரஸ்டோ சங்கமோ இருக்க வேண்டும், அந்தப் பகுதியில் குறைந்தது 3 வருடம் வேலை செய்ததற்கான ஆதாரமும் வேண்டும். வேளாண் அறிவியல் நிலையங்களும் விண்ணப்பிக்கலாம். உங்கள் ஊரில் அப்படி ஒரு ட்ரஸ்ட் நல்ல பெயரோடு இருந்தால் அவர்களிடம் போய்ப் பேசுங்கள், புதிதாக ஒன்றைப் பதிவு செய்துவிட்டு 3 வருடம் காத்திருப்பதைவிட அது மேல்.

டவருக்கு கொட்டேஷன் வாங்கிவிட்டோம், அட்வான்ஸ் கொடுக்கலாமா? (தர்மபுரி)

வேண்டாம். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விண்ணப்பம் போய், உள்துறை, பாதுகாப்புத் துறை எல்லாம் பார்த்து, அனுமதி தர உத்தேசம் என்று சொல்லும் எல்.ஓ.ஐ. என்கிற கடிதம் வரும். அதற்கப்புறம் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு அலைவரிசை ஒதுக்க வேண்டும், டவர் நிற்கப்போகும் இடத்துக்குத் தனியாக அனுமதி வேண்டும், வங்கி உத்தரவாதம் கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், கடைசியாக ஒயர்லெஸ் இயக்க லைசென்ஸ். இதில் ஏதாவது ஒரு படியில் இடம் மாற்றச் சொன்னால், நீங்கள் கான்கிரீட் போட்டு நட்ட டவர்க் கால் அங்கேயே துருப்பிடித்து நிற்கும். நான் பார்த்த ஒரு டவரில் இப்போது கொடி கட்டியிருக்கிறார்கள், துணி காயப்போடும் கொடி. எல்.ஓ.ஐ. வருவதற்கு முன்னால் இரும்பு வாங்காதீர்கள். இதை இன்னும் நாலு தடவை சொல்வேன்.

எத்தனை வாட், எத்தனை கிலோமீட்டர்? (ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறார்கள்)

விதிப்படி 100 வாட் ஈ.ஆர்.பி., அதாவது ஆன்டெனாவிலிருந்து ஒரு திசைக்குப் போகும் பலம், டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் எழுதியிருப்பது இல்லை. பெரும்பாலும் 50 வாட் பெட்டியும் நல்ல ஆன்டெனாவும் போதும். 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கணக்கு வையுங்கள். எல்லாரும் வாட்டைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள், உண்மையில் காரியம் நடப்பது உயரத்தில். பவரை இரண்டு மடங்காக்கினால் சிக்னல் பலம் 3 டெசிபல்தான் கூடும், ஆன்டெனாவின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் சமவெளியில் ஏறக்குறைய 6 கிடைக்கும். தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் ஏற்ற அனுமதியில்லை, 15-க்குக் கீழேயும் வைக்கக் கூடாது.

அடுத்தது கேபிள். இதைக் கேட்க ஆளில்லை, காசு போவது என்னவோ இங்கேதான். 40 மீட்டர் தூரத்துக்கு மெல்லிய ஆர்.ஜி.58 ரகத்தை இழுத்தால் 50 வாட்டில் 12, 13 வாட்தான் மேலே போய்ச் சேரும், மீதி கேபிளைச் சூடாக்கும். அரை அங்குலத் தடிமன் உள்ள கேபிள் போட்டால் 40-க்குப் பக்கத்தில் போகும். எங்கள் நிலையத்தில் ஒரு ஐப்பசி மழையில் 9 கிலோமீட்டர் தள்ளியிருந்த கிராமத்தில் வெறும் இரைச்சல்தான் கேட்டது. மீட்டரைப் பார்த்தால் ரிஃப்ளெக்டட் பவர், அதாவது வெளியே போகாமல் திரும்பி வரும் பவர், ஏறியிருக்கிறது, டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள தானாகவே பவரைக் குறைத்திருக்கிறது. மழை விட்டதும் மேலே ஏறி கனெக்டரின் டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்திருந்தது, உள்ளே ஒரு தேக்கரண்டி தண்ணீர். கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் ஒரு முறை கீழே தொங்கவிட்டு வளைத்து ஏற்றுங்கள், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இடிதாங்கியும் எர்த்தும் முதல் நாளே இருக்க வேண்டும். இன்னொன்று: ஆன்டெனாவோ, அதற்குப் பதில் பவரை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடோ மாட்டாமல் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யாதீர்கள், ஒரு நொடிகூட.

ஆன்லைனில் 15 வாட் டிரான்ஸ்மிட்டர் மலிவாகக் கிடைக்கிறதே, லைசென்ஸ் வரும்வரை டெஸ்ட் செய்யலாமா?

கூடாது. லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். ஃபில்டர் சரியில்லாத பெட்டி வேண்டாத இடத்திலெல்லாம் அலையைத் துப்பும், 108 மெகாஹெர்ட்ஸிலிருந்து விமானங்களுக்கான அலைவரிசைப் பட்டை தொடங்குகிறது. பீகாரில் மன்சூர்பூர் என்ற கிராமத்தில் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் மூங்கில் கம்பத்தில் ஆன்டெனா கட்டி ஊருக்கே வானொலி நடத்தினார், ஜனங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. 2006-இல் மூடிவிட்டார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, அவர் வழியில் போகச் சொல்ல மாட்டேன்.

தனி ஆளாக அப்ளை செய்யலாமா?

மேலே முதல் பதில்.

விளம்பரம் போடலாமா, வருடச் செலவு எவ்வளவு? (திண்டுக்கல்)

போடலாம். 2024 பிப்ரவரியில் வந்த திருத்தத்தில் மணிக்கு 12 நிமிடம்வரை, அரசு விளம்பரத்துக்கு 10 நொடிக்கு 74 ரூபாய், முன்பு 7 நிமிடம், 52 ரூபாய். அலைவரிசைக் கட்டணம் நான் கட்டிய காலத்தில் வருடத்துக்கு 19,700. 2012-இல் அதை 91,000 ஆக்கினார்கள், நாடு முழுக்க நிலையங்கள் கூச்சல் போட்ட பிறகு திரும்பப் பெற்றார்கள். கரண்ட் பில்லும் இரண்டு பேர் சம்பளமும்தான் உண்மையான செலவு.

ஊர்ச் செய்தி வாசிக்கலாமா? ஓய்வு பெற்ற ஆசிரியர் கேட்கிறேன் (மேலூர்)

முடியாது ஐயா. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல், ஒலிபரப்பலாம். அது போக வானிலை, போக்குவரத்து, மின்தடை, குடிநீர், தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, பேரிடர் எச்சரிக்கை இவையெல்லாம் செய்தியில் சேராது.

வழக்கறிஞர் ஒருவர்: 1995-இல் உச்ச நீதிமன்றமே அலைவரிசை பொதுச்சொத்து என்றது. நீங்கள் பயந்துபோய் பதில் சொல்கிறீர்கள்.

தீர்ப்பில் எனக்குத் தகராறு இல்லை சார். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் நான், நிலையம் மூடினால் வீட்டுக்குப் போவது அங்கே வேலை செய்யும் பெண்கள்.

பாம்பன் பக்கத்திலிருந்து: கடலில் காற்று எச்சரிக்கை சொன்னாலும் செய்தியா அண்ணே?

இல்லை தம்பி, தாராளமாகச் சொல்லலாம். உங்கள் ஊரில் 2016-இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 மீனவர்களுக்காகவே நடப்பதுதானே.

வழக்கறிஞர் மறுபடி: தண்ணீர் வராது என்று சொல்லலாம், ஏன் வரவில்லை என்று சொல்லக்கூடாது. இதுதானே உங்கள் விதி?

சரியாகப் பிடித்தீர்கள், அந்தக் கோட்டில்தான் நாங்கள் தினமும் நடந்தோம். எங்களிடம் நிகழ்ச்சி செய்த ஒரு அம்மா "ரேஷன் கடையில் இந்த மாதம் துவரம்பருப்பு வரவில்லை" என்று எழுதிக் கொண்டுவந்தார். செய்தியா, பொதுத்தகவலா என்று சாயங்காலம் முழுக்கச் சண்டை. கடைசியில் அவர் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்ற பெண்களிடமே நீட்டினார். "மூணு நாளா பையோட வர்றேன், வெறும் பையோட போறேன்" என்று ஒரு குரல். அதை சமையல் நிகழ்ச்சியில், பருப்பில்லாத சாம்பாருக்கு முன்னால், போட்டோம். பருப்பு அப்புறமும் வரவில்லை, அது வேறு விஷயம்.

மேலூர் ஆசிரியர்: பெயரை மாற்றிவிட்டால் செய்தி இல்லையா?

பெயரை மாற்றவில்லை ஐயா, பேசும் ஆளை மாற்றினோம். நிகழ்ச்சியில் குறைந்தது பாதி ஊர்மக்கள் பங்கேற்புடன் தயாராக வேண்டும் என்று அதே விதிதானே சொல்கிறது. ஆனால் ஒலிபரப்பியதை 3 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

வழக்கறிஞர்: நான் ஒத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம், வழக்குப் போடுங்கள். ஜெயித்தால் முதல் செய்தியை எங்கள் நிலையத்து அந்த அம்மா வாசிப்பார்.

சினிமாப் பாட்டு? (நாலு பேர்)

பாட்டின் உரிமையாளர்களிடம் தனி அனுமதி வாங்குங்கள். அதைவிட உங்கள் ஊர் நடவுப்பாட்டு சும்மா கிடைக்கும், பாட ஆள் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள்.

எத்தனை வாட் வைத்தால் 50 கிலோமீட்டர் கேட்கும்?

மேலே படியுங்கள்.

சார், ட்ரஸ்ட் 12 வருடம் பழையது, பள்ளி நடத்துகிறோம். டவர்க்காரர் இந்த மாதம் முடித்தால் தள்ளுபடி என்கிறார். (தர்மபுரி, மறுபடியும்)

எல்.ஓ.ஐ. வந்துவிட்டதா?

இல்லை, அடுத்த வாரம்தான் அப்ளை செய்யப்போகிறோம்.

அந்த கொட்டேஷனை மடித்து பீரோவில் வையுங்கள்.