தேனீப் பெட்டியை மகளிடம் கொடுக்கும் முன்: மார்த்தாண்டத்துத் தகப்பனாருக்கு

மூன்று தலைமுறையாகத் தேனீ வளர்க்கும் வீடு உங்களுடையது. பிளஸ் டூ போகும் மகள் உயிரியல் பிரிவில் படிக்கிறாள், "இதே தொழிலைப் பார்க்கிறேன்" என்கிறாள். தடுப்பதா விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். தடுக்காதீர்கள் ஐயா. ஆனால் தொழிலின் எந்தப் பக்கம் அவளுக்குத் தெரியும் என்று முதலில் பாருங்கள். ரப்பர் தளிர்க்கும் காலத்தில் தேன் எடுக்கக் கூடமாட நின்றிருப்பாள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் தேனீக் கூட்டத்தைச் சாகவிடாமல் காப்பதுதான் நிஜமான தொழில்.

இந்த ஜூனில் 10 பெட்டிகளை அவள் பொறுப்பில் விடுங்கள், ஞாயிற்றுக்கிழமைகள் போதும். தேனீக்குத் தீனியாகப் பெட்டிக்கு வாரம் 200 கிராம் சர்க்கரை, அதே அளவு தண்ணீரில் பாகாக. 16 வாரத்துக்குப் பெட்டிக்கு 3.2 கிலோ, 100 பெட்டி என்றால் 320 கிலோ. இந்தக் கணக்கு அவள் கையெழுத்தில் நோட்டில் ஏற வேண்டும். பாகை மாலையில்தான் வைக்க வேண்டும்; பகலில் சிந்தினால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும்.

பெட்டிக்குள் அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கப் பழக்குங்கள். அறையின் அடியில் நூல்நுனி போல முட்டை தெரிந்தால், ராணி மூன்று நாளைக்குள் இட்டது. புழு தலையைத் தூக்கியபடி செத்துக் கிடந்து, இடுக்கியால் எடுக்கும்போது நீர் கட்டிய பை போல வந்தால் அது சாக்புரூட். 1991-92ல் நம் பக்கத்துப் பெட்டிகளைக் காலி செய்த அதே வைரஸ் நோய். மருந்து கிடையாது. ராணியைச் சில நாள் கூண்டில் அடைத்துப் புழு வளர்ப்பை நிறுத்த வேண்டும், தாக்குப்பிடித்த கூட்டத்திலிருந்தே புதுக் கூட்டம் பிரிக்க வேண்டும். நோயைக் கவனிக்காமல் ஒரு பெட்டி அடையை இன்னொன்றுக்கு மாற்றினால் தோட்டம் முழுக்கப் பரவும்.

படிப்புக்கு வருவோம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. வேளாண்மைக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான். பின்னாளில் வேளாண் பூச்சியியலில் முதுகலை படிக்கும் எண்ணம் இருந்தால் இதுவே வழி. விலங்கியல் பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே நுழைவது கடினம். ஆனால் நான்கு ஆண்டு வெளியூர் என்றால் நான்கு ரப்பர் பருவத்துக்கு அவள் வீட்டில் இருக்க மாட்டாள். வேலைக்கு இன்னொரு கை இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் உள்ளூர்க் கல்லூரியில் வணிகவியல் சேர்த்து, திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சியை விசாரியுங்கள்.

வணிகவியலைக் குறைவாக எண்ண வேண்டாம். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதை உங்கள் புட்டியில் போட, அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிய வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். தேனின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முக்கால்வாசி அறை மெழுகால் மூடும் முன் அவசரப்பட்டு எடுத்த ரப்பர் தேன் தாண்டிவிடும், புட்டியிலேயே புளித்துப் பொங்கும். தேனின் ஈரப்பதத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை வாங்கி அவளிடமே கொடுங்கள்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கொட்டிய இடம் வீங்குவது சாதாரணம். உடம்பெல்லாம் தடிப்போ மூச்சுத்திணறலோ அவளுக்கு ஒருமுறையாவது வந்திருந்தால், பெட்டியைத் திறக்கவிடும் முன் மருத்துவரைப் பாருங்கள்.