பழைய டொயோட்டா ஹைலக்ஸ் கெப்பின் பின் பிரேக் முழுக்கக் கறள். நானே திருத்தலாமா?

பின் சில்லுக்குள் இருக்கும் பிரேக் டிரம் கழறவில்லை, ஹேண்ட் பிரேக் பிடிப்பதில்லை, பெடல் தாழ்ந்து போகிறது, கராஜில் சொல்லும் தொகையும் கட்டுப்படியாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டிரம், அதன் உள்ளே உரசி வண்டியை நிறுத்தும் சூ, அந்தச் சூவைத் தள்ளும் வீல் சிலிண்டர், இந்த வேலையெல்லாம் நீங்களே செய்யலாம். ஆனால் ஒரு சில்லைக்கூடக் கழற்ற முதல் வண்டிக்குக் கீழே படுத்து, பின் அக்சலோடு போகும் இரும்புப் பிரேக் பைப்பைப் பாருங்கள். வேலையின் அளவை முடிவு செய்வது அதுதான்.

வண்டி முன்பு மீன் ஏற்றியதா என்றும் விசாரியுங்கள். திருகோணமலைக் கரையோரம், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடிய கெப்புகளில் கடற்காற்றைக் குறை சொல்வார்கள். என் கணக்கில் அதைவிட மோசம் மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணி. சாமான் ஏற்றும் தட்டின் இடுக்குகளால் இறங்கி நேரே அக்சலில்தான் விழும். கடலுக்குத் தள்ளி, கந்தளாயில் வயல் வேலைக்கு ஓடிய அதே வயது வண்டியின் அடிப்பக்கம் இதைவிட எவ்வளவோ நன்றாக இருக்கும்.

பைப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். மேலே மட்டும் நிறம் மாறியிருந்தால் பரவாயில்லை. பொருக்குப் பொருக்காக உரிந்தாலோ குழி விழுந்திருந்தாலோ அந்தப் பைப் முழுவதையும் மாற்ற வேண்டும். கெட்ட இடத்தை மட்டும் வெட்டி, நடுவில் ரப்பர் ஹோஸ் போட்டுக் கிளிப் இறுக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பெடலை ஓங்கி மிதிக்கும்போது உள்ளே வரும் அழுத்தத்தை அது தாங்காது. செம்பும் நிக்கலும் கலந்த பைப் கிடைத்தால் அதைப் போடுங்கள், கறள் பிடிக்காது. வெறும் செம்புக் குழாய் வேண்டாம். முனையை இரட்டை மடிப்பாக விரிக்கத் தெரிந்தவரிடம் இந்தப் பகுதியை மட்டும் கொடுப்பது நல்லது.

சரி, டிரம். முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, அக்சலை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். டிரம்மின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு சிறு துளைகள் இருக்கும். நடுவில் ஹப்போடு ஒட்டியிருக்கும் வட்டத்தில் கறள் இளக்கும் ஒயில் அடித்து ஊறவிட்டு, அந்தத் துளைகளில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளும். சுத்தியலால் தட்டுவதென்றால் சில்லுப் போல்ட்டுகளுக்கு இடையில் தட்டுங்கள். ஓரத்தில் அடித்தால் வார்ப்பிரும்பு வெடிக்கும். டிரம் சுற்றுகிறது, ஆனால் வரவில்லை என்றால் உள் விளிம்பில் சூ மாட்டியிருக்கிறது. டிரம்முக்குப் பின்னால் சூவைத் தாங்கி நிற்கும் பிரேக் தட்டில் ரப்பர் மூடியுள்ள துவாரத்தால், சூவை நெருக்கி வைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள்.

உள்ளே இருக்கும் தூளைக் கம்பிரஷரால் ஊத வேண்டாம். பழைய சூவில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நனைத்துத் துடையுங்கள். வீல் சிலிண்டரின் தூசு ரப்பரைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் என்றால் சிலிண்டரையே மாற்றுங்கள், குழி விழுந்த சிலிண்டருக்குப் புது ரப்பர் போட்டுப் பயனில்லை. தடிப்பான, நாற்றமடிக்கும் எண்ணெய் என்றால் அது அக்சல் ஒயிலை மறிக்கும் சீலில் இருந்து வருவது. அதை விட்டுவிட்டுப் புதுச் சூ போட்டால் சூவும் நாசம்.

அடுத்ததைக் கன பேர் கவனிப்பதில்லை. ஹேண்ட் பிரேக் கேபிள் வந்து சேரும் இடத்தில், பிரேக் தட்டின் வெளிப்பக்கம், கேபிளின் இழுப்பைத் திருப்பிச் சூவுக்குக் கொடுக்கும் பெல் கிராங் என்ற ஒரு நெம்பு உண்டு. அதன் ஊசி கறள் பிடித்து இறுகிவிடும். பழைய ஹைலக்ஸில் சூவைத் தானாக நெருக்கி வைப்பதும் ஹேண்ட் பிரேக் இழுப்பில்தான் நடக்கிறது. கிராங் இறுகினால் ஹேண்ட் பிரேக்கோடு பெடலும் தாழும். நீங்கள் சொல்லும் இரண்டு குறைக்கும் காரணம் இந்த ஒன்றாகவே இருக்கலாம். கழற்றி, தேய்த்து, கிரீஸ் போட்டு, கிழிந்த ரப்பரை மாற்றுங்கள்.

பைப் நட்டைக் கழற்றச் சாதாரண சாவி போடாதீர்கள், மூலை மழுங்கும். பிரேக் நட்டுக்கென்று வரும் பிளவு வளையச் சாவி இருக்கிறது. நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுகினால் நிறுத்திவிடுங்கள், அந்தப் பைப் எப்படியும் போகப்போகிறது.

பைப்பில் புகுந்த காற்றை எடுக்கும்போது தூரச் சில்லில் தொடங்குங்கள். நம் வண்டிகளில் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் என்பதால் அது பின் இடது சில்லு. அக்சலுக்கும் சேசிக்கும் நடுவில் கம்பியோடு நிற்கும் வால்வு, பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. அந்தக் கம்பி இறுகியிருந்தால் இளக்குங்கள். சிலர் செய்வதுபோல் கழற்றி எறியாதீர்கள், வெறும் வண்டியில் பின் சில்லுகள் பூட்டிக்கொண்டு இழுபடும். எல்லாம் முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை அமத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் வண்டியை ரோட்டுக்கு எடுக்க வேண்டாம்.

சூ வாங்கப் போகும்போது பழைய சூவைக் கையோடு கொண்டு போங்கள். ஹைலக்ஸ் என்று மட்டும் கேட்டால் வேறு மாடலின் சூவைத் தந்துவிடுவார்கள். டிரம்மையும் அளந்து பாருங்கள், போகக்கூடிய உச்ச விட்டம் அதிலேயே வார்த்திருக்கும்.