சினிமா சண்டையில் அடியாட்கள் ஏன் ஒவ்வொருவராகவே வருகிறார்கள்?

பத்துப் பேர் கதாநாயகனைச் சுற்றி நிற்கிறார்கள், ஒருவன் அடி வாங்கி விழும்வரை மற்ற ஒன்பது பேரும் காத்திருக்கிறார்கள், இது எழுதப்படாத விதியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், விதியேதான். நம் படச் சண்டைகளில் இப்படி நிறைய விதிகள் உண்டு. எனக்கு எல்லாமே பிடிக்கும்.

இந்த விதி எதற்கு என்பது எனக்குப் பாட்டி வீட்டு மொட்டை மாடியில் புரிந்தது. கோடை லீவில் அங்கே நாங்கள் ஆறு பேர் சண்டைப் படம் விளையாடுவோம். ஒருநாள் ஐந்து பேரும் சேர்ந்து ஹீரோ மேல் பாய்ந்துவிட்டோம். அவன் அடியில், நாங்கள் மேலே. ஒரே குவியல். பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, "யாரு யாரை அடிக்கிறீங்கன்னே தெரியலடா, ஒவ்வொருத்தனா வாங்க" என்றார்.

பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது. பார்ப்பவருக்குத் தெரியாத அடி, அடியே இல்லை. மீதிப் பாதி, பாதுகாப்பு. படத்தில் குத்து முகத்தில் படுவதில்லை, சற்றுத் தள்ளியே போகிறது. அந்த இடைவெளி தெரியாத கோணத்தில் கேமரா இருக்கும். கை கடக்கும் அதே கணத்தில் எதிரில் இருப்பவர் தலையைத் திருப்பி விழ வேண்டும். ஒரு கணம் பிந்தினால் குத்து பொய்யாகிவிடும், முந்தினாலும் அப்படியே. இவ்வளவு கணக்கு இருக்கும் இடத்தில் பக்கவாட்டிலிருந்து இன்னொருவர் நுழைந்தால் நிஜமாகவே மூக்கு உடையும். அதனால்தான் வரிசை. குத்து விடுபவரைவிட அதை வாங்குபவர்தான் அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துகிறார் என்பேன். 'டிஷ்யூம்' சத்தம்கூடப் பிறகு சேர்ப்பதுதான், அந்த விழுதல் நிஜம்.

கிளைமாக்ஸ் சண்டை ஏன் எப்போதும் குடோனில் நடக்கிறது, அங்கே ஏன் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்றும் சிலர் கேட்பார்கள். காலிப் பெட்டி நசுங்கும்போது விழுபவரின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். அந்த அடுக்கு ஒரு மெத்தை.

அப்புறம் உதட்டு ரத்தம். ஹீரோ முதலில் நாலு அடி வாங்குவார், உதட்டோரம் ரத்தம் கசியும், விரலால் துடைத்துப் பார்ப்பார். அங்கிருந்து சண்டை திரும்பும். நிஜத்தில் நாலு அடி வாங்கியவர் களைத்துத்தான் போவார். ஆனால் 'பொறுத்தது போதும்' என்பதை வசனமே இல்லாமல் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எனக்கு மிகப் பிடித்தது பழைய கத்திச் சண்டை விதி. எதிரியின் வாள் கீழே விழுந்தால் ஹீரோ வெட்ட மாட்டார். அதை எடுத்து வீசி, மறுபடி சண்டைக்குக் கூப்பிடுவார். எம்.ஜி.ஆர். படங்களில் இதற்குத் தியேட்டரே அதிரும். இது சினிமா கண்டுபிடித்தது அல்ல. ஆயுதம் எல்லாம் இழந்து நின்ற ராவணனிடம் 'இன்று போய்ப் போர்க்கு நாளை வா' என்று ராமன் சொன்னதாகக் கம்பர் எழுதினார். திரையில் வாள் திரும்பப் பறக்கும்போது அந்தப் பெருந்தன்மைக்குத்தான் கைதட்டுகிறோம்.

சண்டை முடிந்த பிறகே போலீஸ் வருவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முன்பே வந்தால் கதை முடிந்துவிடும்.

இத்தனை உழைப்புக்கு அங்கீகாரம் தாமதமாகத்தான் வந்தது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. தேசியத் திரைப்பட விருதில் சண்டைப் பயிற்சிக்கு முதன்முதலாக விருது கொடுத்தது 2017இல்தான். 'புலிமுருகன்' மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெயின் வாங்கினார். ஆஸ்கரில் இதற்கான பிரிவு 2028 விழாவிலிருந்துதான். அதுவும் மாஸ்டர்களுக்கு. விழுகிற ஃபைட்டர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதனால் பிடித்த சண்டையை நான் இரண்டு முறை பார்ப்பேன். முதல் முறை ஹீரோவுக்காக. இரண்டாவது முறை, பின்வரிசையில் முஷ்டியை இறக்காமல், காலை மாற்றி மாற்றி வைத்தபடி தன் முறைக்காக நிற்கும் அந்த ஒன்பதாவது ஆளுக்காக.